இன்னொருவர் கண்ணாடி

லேசர் சிகிச்சை செய்துகொண்டால் கண்ணாடியே தேவைப்படாது என்று கொழும்பு வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்குச் சம்மதமா என்று தொலைபேசியில் அறிவிக்க வேண்டிய நாளும் வந்தது. வெறும் முகம் பழகட்டும் என்று கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு, திருகோணமலைத் துறைமுகத்தருகே இருந்த தொலைபேசிக் கடைக்குப் புறப்பட்டேன்.

வழியில், சோதனைச் சாவடியில் நின்ற பெண் பொலிஸ் என் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் நான் கண்ணாடி அணிந்திருந்தேன்.

"இது நீ இல்லை," என்றார்.

அது யுத்த காலம்; அப்படிச் சொல்லித் தடுக்கப்பட்டவர்களில் பலர் வீடு திரும்பியதில்லை.

பின்னால் நின்ற, பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி தம் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "இந்தாங்க மகள், போடுங்க. படத்துல உள்ள புள்ள வந்திடும்."

அணிந்தேன். அவருடைய பவர் வேறு; எதிரே நின்ற பொலிஸின் முகமே மங்கிக் கரைந்துபோனது. பொலிஸோ தலையசைத்து அட்டையைத் திருப்பித் தந்தார்.

அந்தப் பெண்மணி கண்ணாடியை வாங்க மறுத்தார். "திரும்பி வரக்குள்ளயும் இவங்கதான் நிப்பாங்க. வெச்சிக்கங்க. ஊசி கோக்க எனக்கு மருமகள் இருக்காள்."

கடையிலிருந்து கொழும்பு மருத்துவமனையை அழைத்தபோது, கண்ணாடி இல்லாத முகத்துக்குப் புதிய அடையாள அட்டை கிடைக்க எவ்வளவு காலமாகும் என்றுதான் முதலில் கேட்டேன்.

"நாங்கள் கண் மட்டுந்தான் பாக்கிறது, மிஸ். வாறீங்களா, இல்லையா?" என்றாள் மருத்துவமனைப் பெண்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடி என் மேசையில் இருக்கிறது. அதை அணிந்தால் எனக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் அன்று என்னை நானென்று காட்டியது அதுதான்.