கைமேல் கை

விஜயதசமி அன்று பள்ளிக்கூடத்தில் தாம்பாளத்தில் அரிசி பரப்பி, பெரிய டீச்சர் என் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கப் பார்த்தார். நான் அவர் கையைக் கடித்துவிட்டேன். "சரசுவதிக்குப் பொரி படைப்பாங்க, இவன் இன்னாடான்னா டீச்சரையே துன்னப் பாக்கறான்" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது.

யாராவது லேசாகத் தொட்டால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இன்றைக்கு அதற்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் அதற்குத் திமிர் என்று பெயர்.

டீச்சர் நல்லவர், கடித்ததைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் கையைப் பிடிக்கவே விடாத பிள்ளைக்கு எழுத்து எப்படி வரும், பொங்கல் வரை பார்ப்போம், இல்லையென்றால் அடுத்த வருஷம் கூட்டி வாருங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் இல்லையென்றால், அம்மா நடவுக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டியதுதான். அதை நினைத்தே அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும், கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டுகிற மாதிரி, ஆளுக்கொரு பக்கம் என்னை அமுக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். பலப்பம் உடைந்ததுதான் மிச்சம்.

சித்தி அப்போதுதான் மாகறலில் இருந்து கல்யாணமாகி வந்திருந்தார். ஒரகடத்துக் கம்பெனி வேனில் போய் வருவார். தொட்டால் அலறும் நான், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே நெருக்கிப் புகுந்து நிம்மதியாகத் தூங்குவதை அவர்தான் கவனித்தார். "மேலோட்டமா தொட்டாதான் இவனுக்கு ஆவலக்கா. அவனா போய் அழுந்திக்கினா சொகமாத்தான் கீறான்" என்றார் அம்மாவிடம்.

அன்று சாயங்காலம் சிலேட்டோடு வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். பலப்பத்தைத் தானே பிடித்துக்கொண்டு, "நான் உன்னத் தொட மாட்டேன். நீ வோணா என் கைமேல கைய வையி. புடிக்கலன்னா எடுத்துக்கோ" என்றார். வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். அவருடைய கண்ணாடி வளையல் சில்லென்று உரசியது. சித்தி இரண்டு கை வளையல்களையும் கழற்றி அரிசிப் பானைமேல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

இந்தமுறை வைத்த கையை நான் எடுக்கவில்லை. எழுதி முடித்து, சித்தி அப்படியே குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். புதுப்பெண் வெறுங்கையோடு வந்தால் விடுவார்களா?

"இன்னாடி, கை மொட்டையா கீது? வூட்டுக்காரரு நல்லாத்தான கீறாரு?" என்றார் எதிர்வீட்டு அத்தை.

"எருமையக் கழுவிக்கினு கீறாரு. வோணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க."

"வாயப் பாரு. ஆவாதுடி, போட்டுக்கோ."

"புள்ளைக்கு உறுத்துதுக்கா" என்று சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டார்.

பேச்சுதான் அப்படி. விளக்கு வைக்கும்போது சாமி படத்தின் முன்னால் வெகுநேரம் கண்ணை மூடி நின்றாராம். அவருக்கும் பயந்தான் என்று அம்மா பின்னாளில் சொன்னார். ஆனாலும் மறுநாள் வேனை விட்டு இறங்கியதும் வளையலைக் கழற்றினார். அதற்கடுத்த நாளும் கழற்றினார்.

சைக்கிள் கேரியரில் போவதுபோல என் கை அவர் கைமேல் ஏறிப் போயிற்று. போகப் போக அவர் கை தளர்ந்தது, நான்தான் தள்ள வேண்டியிருந்தது. பலப்பம் எப்போது என் விரலுக்கு மாறியது என்றே தெரியாது. ஒருநாள் "தொடட்டா?" என்று கேட்டார். தலையாட்டினேன். புறங்கையில் அழுத்தமாகக் கை வைத்தார். எறும்பு ஊரவில்லை. இன்றும் பேனாவைப் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

பொங்கலுக்கு முன்னால் சித்தி லீவு போட்டு என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார். டீச்சர் கையை மடக்கி வைத்துக்கொண்டு எட்டவே நின்றார். நான் தனியாக 'அ' எழுதினேன்.

"யாருடா கத்துக்கொடுத்தது?"

"நான்தான் டீச்சர், சித்திக்குக் கத்துக்குடுத்தேன். நான் மேல புடிச்சிக்கினேன், சித்தி எழுதிச்சி."

டீச்சர் சித்தியைப் பார்த்தார். காஞ்சிபுரத்தில் காலேஜ் முடித்த சித்தி, "ஆமா டீச்சர், இவன்தான்" என்றார். சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது.

எனக்குப் பாவமாகப் போயிற்று. இத்தனை நாள் பழகியும் எழுத்து வரவில்லையே என்று வருந்துகிறார் போலிருக்கிறது.

"அழுவாத சித்தி. பொங்கல் கழிச்சி உனக்கு 'ஆ' சொல்லித் தரேன்" என்றேன்.