நூற்று நாற்பத்து மூன்று நாள்

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் தொடங்குமுன் மெரியானா ஆன்ட்டி ஒரு மாண்டரின் ஆரஞ்சை உரிப்பார். தோல் அறாமல் ஒரே சுருளாக வரவேண்டும். பழத்தைத் தின்னமாட்டார், பக்கத்திலிருக்கும் போலீஸ் தரப்பு சார்ஜெண்ட் லியோட்டாவிடம் தள்ளிவிடுவார். அன்று தோல் மூன்று இடத்தில் அறுந்தது.

மேற்கு ஆக்லாந்தில் குடி, போதை வழக்குகளுக்கென்று இருக்கும் நீதிமன்றம் எங்களுடையது. நீதிபதி, போலீஸ், வக்கீல், சிகிச்சைக்காரர்கள் எல்லோரும் விசாரணைக்கு முன் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் என்ன செய்வதென்று பேசி முடிவெடுப்பார்கள். நான் குறிப்பெடுப்பவன். ஆன்ட்டி குடியை விட்டுப் பதினோரு வருடம். விடப் பார்ப்பவர்களுக்கு இப்போது துணை.

ஹோனேயின் பெயர் வந்தது. கூரை வேலைக்காரன். நூற்று நாற்பத்து மூன்று நாளாகக் குடிக்காதவன். குடித்தால் வியர்வையிலிருந்தே கண்டுபிடிக்க நீதிமன்றம் மாட்டிவிட்ட அவன் கணுக்கால் பட்டை, ஞாயிறன்று சாராயம் என்று காட்டியிருந்தது.

“குடிச்சதுகூடப் பரவால்ல, இல்லவே இல்லைன்னு சாதிக்கிறான் பாருங்க” என்றார் லியோட்டா. “பட்டைப் பதிவை மறுபரிசோதனை பண்ணி முடிவு வர அஞ்சு வாரம் ஆகும். அதுவரை உள்ள இருக்கட்டும்.”

ஒப்புக்கொண்டால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. பொய் சொன்னால் சிறை. அதுதான் எங்கள் மேசையின் விதி. சிறையென்றால் சனிக்கிழமை அவன் மகளைப் பார்க்க முடியாது.

“பத்து நிமிஷம் குடுங்க” என்று ஆன்ட்டி எழுந்தார். நானும் போனேன்.

தாழ்வாரத்தில் ஹோனே வேலை உடையிலேயே நின்றிருந்தான். முழங்கால்வரை கறுப்புப் பிசின்.

“ஆன்ட்டி, சத்தியமா கூரைப் பசைதான். ஞாயித்துக்கிழமை முழுக்க அதுலதான் கிடந்தேன்.”

“பசை, சென்ட், வாய் கொப்புளிக்கிற மருந்து... இந்தக் கதையெல்லாம் நான் சொல்லிப் பழசாக்கினதுடா. எங்கிட்டயே அளக்கிறியா?”

அவன் சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. கதவுக்கு அப்பால் காவலரின் சாவிக்கொத்து குலுங்கியது.

“பாப்பா சனிக்கிழமை யாரைத் தேடும்? ஒத்துக்கோ. வீட்டுக்குப் போயிடலாம்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் என் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டேன்.

நீதிபதி முன்னால் நின்று, “ரெண்டு கேன் பீர் குடிச்சேன்” என்றான். உண்மை சொன்னதற்கு நீதிபதி நன்றி சொன்னார். வழக்கப்படி எல்லோரும் கைதட்டினோம். ஆன்ட்டி மட்டும் தட்டவில்லை, அவர் விரல்கள் நாற்காலியின் விளிம்பை இறுக்கியிருந்தன.

ஐந்து வாரம் கழித்து மறுபரிசோதனை அறிக்கை என் மேசைக்கு வந்தது. பட்டை காட்டியது வெளியிலிருந்து பட்ட பசையின் ஆவி. அந்த ஞாயிறு ஹோனே குடிக்கவேயில்லை. மறுபரிசோதனை கேட்டு விண்ணப்பித்தவர் மெரியானா ஆன்ட்டி. விண்ணப்பத் தேதி, அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள்.