இரவல் ஆள்

குண்டசாலை மைதானத்தில் எங்கள் கிரிக்கெட் கிளப்பின் இரண்டாம் அணிக்கு நான் ஸ்கோர் எழுதினேன். ஞாயிறுதோறும் கலஹாவிலிருந்து பஸ் ஏறி ஒருவர் வருவார். நாற்பதை நெருங்கிய, ஒல்லியான தேயிலைத் தோட்டத்து மனிதர். சப்பாத்தை மாற்றிக்கொண்டு, கெப்டன் அன்று ஆடுபவர்களின் பெயர்களை வாசித்து முடிக்கும்வரை உட்காராமல் நிற்பார். அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

ஒருமுறை எதிரணியில் ஓர் ஆள் குறைந்தது. கெப்டன் அவரை இரவல் கொடுத்தார்.

"போங்கண்ணே, சும்மா நின்னா போதும்."

அவர் சும்மா நிற்கவில்லை. எல்லைக்கோட்டருகே ஓடி விழுந்து, கெப்டன் தூக்கி அடித்த பந்தையே பிடித்தார்.

"நீ யாரோட ஆள்யா?" என்று கத்தினார் கெப்டன்.

"இன்னிக்கு அவங்க ஆளுங்க."

நாங்கள் தோற்றோம். அன்று மாலையே அணியின் வட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறும் வந்தார். எங்கள் பக்கம் திரும்பாமல், வந்திறங்கிய எதிரணியிடம் நேரே போனார்.

"ஆள் குறையுதுங்களா?"

"இல்லண்ணே, எல்லாரும் வந்துட்டாங்க."

என்னிடம் வந்தார். "அடுத்த கிழமை எந்த டீம் வருது, சேர்?"

சொன்னேன். எப்போதும் பதினைந்து பேரோடு வருகிற அணி அது. அதையும் சொன்னேன்.

அந்த ஞாயிறும் வந்து நின்றார்.