இருபத்தோராவது கேள்வி

பார்சல் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடம் கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வராத பார்சலுக்காக மல்லுக்கு நின்றவர்களையெல்லாம் சிரிக்க வைத்து அனுப்பியவள். வாய் அப்படி. கணவர் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? அவளே வேலையை விட்டாள்.

இனி வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தால்தான் உண்டு. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. விண்ணப்பித்தாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ என்று செய்தி வந்தது.

அவளைத் தயார் செய்யும் பொறுப்பை லிஃப்ட்காரர் எடுத்துக்கொண்டார். பழைய சர்வீஸ் நோட்டின் பின்பக்கத்தில் இருபது கேள்வி எழுதினார். அவள் வெங்காயம் உரிக்கும்போதும் கேட்பார், துணி மடிக்கும்போதும் கேட்பார். சரியாகச் சொன்னால் டிக்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க மேடம்."

"சார், நான் பன்னெண்டு வருஷமா..."

"சிரிச்சுக்கிட்டே சொல்லு. உம்முனு இருந்தா எவன் வேலை தருவான்?"

"சிரிச்சுக்கிட்டுதான சொல்றேன்."

"இதுக்குப் பேரு சிரிப்பா? பல்வலி வந்த மாதிரி இருக்கு."

முன்பெல்லாம் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை திருப்பி வாங்கிக் கட்டிக்கொள்வார். இப்போது தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். விபத்துக்குப் பிறகு அவளுக்குக் கோபமும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. மனசு மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

இருப்பதே ஒரு அறை. அதில் வீடியோவில் பின்னால் தெரிகிற மாதிரி ஈரம் பூக்காத சுவர் ஒன்றே ஒன்று, அவருடைய கட்டிலுக்கு நேர் எதிரே. அவள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போன் கட்டில் பக்கம்தான் நிற்க வேண்டும். எதில் சாய்த்து வைப்பது?

"ஸ்டாண்டு எதுக்கு? கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை தலையணையில் சாய்ந்துகொண்டு, போனை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்தார். சத்தம் வருமென்று ஃபேனை நிறுத்தினாள். கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். கேமராவுக்கு ஒரு சாண் மேலே அவர் முகம்.

பதிமூன்று கேள்வி தடங்கலில்லாமல் போனது. எல்லாம் நோட்டில் இருந்தவை. அவர் முகத்தில் வியர்வை வழிந்ததே தவிர, கை அசையவில்லை.

"கடைசியா ஒண்ணு மேடம். லைன்ல இருக்கும்போது நடுவுல எழுந்திரிக்க முடியாது. வீட்ல சின்னக் குழந்தை, உடம்புக்கு முடியாதவங்க, இப்படிப் பாத்துக்க வேண்டிய ஆள் யாராவது இருக்காங்களா?"

இது இருபதில் இல்லை. போன் லேசாக ஆடியது. அதற்கு மேலே அவர் தலை மெதுவாக இடமும் வலமும் அசைந்தது. இல்லைன்னு சொல்லு.

"யாரும்... யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

"நல்லது. ரெண்டாவது ரவுண்டு திங்கட்கிழமை. இதே மாதிரி தயாரா இருங்க."

போனை இறக்கி வைத்துவிட்டு, அரை மணி நேரமாக அடக்கி வைத்திருந்த இருமலை அவர் இருமித் தீர்த்தார். அவள் ஃபேனைப் போட்டாள். புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. புரட்டினாள். முதுகைத் துடைத்தாள்.

"நோட்டை எடு" என்றார்.

ஒருக்களித்துப் படுத்தபடியே இருபதுக்குக் கீழே இருபத்தொன்று என்று போட்டு அந்தக் கேள்வியை எழுதினார்.

"திங்கட்கிழமையும் கேப்பாங்க. நீ 'யாரும்'னு சொல்லிட்டு இழுத்தே. சந்தேகம் வந்துரும்."

"என்னங்க..."

"மேடம், வீட்ல பாத்துக்க வேண்டிய ஆள் யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல சார்."

"சிரிச்சுக்கிட்டே சொல்லு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்தத் தடவை சரியாக வந்தது. அவர் டிக் போட்டார்.