முப்பத்தெட்டுக் கிலோ வாளும் ஒரு பொட்டும்

வாள் வரைந்து பிழைக்கிறவனுக்கு ஒரே ஒரு தொந்தரவுதான்: வாழ்நாளில் வெங்காயம் வெட்டுகிற கத்தியைத் தாண்டி எதையும் பிடிக்காத அத்தனை பேருக்கும் வாளைப் பற்றி அபிப்பிராயம் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் நான் பார்த்த உத்தியோகம் இது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு வாள், கோடாலி, கவசம் வரைந்து கொடுப்பது. மண்டி மொஹல்லாவில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே மூன்று அறை, நாலு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். அதற்கு முன்னால் ஒரு மிஷின் ஃபேக்டரியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். நிரந்தர வேலை. அதை ராஜினாமா செய்துவிட்டு இங்கே வந்தபோது என் மனைவி செல்வி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு நிபந்தனையோடு பேசினாள். தசரா வரைக்கும் பார்ப்பாள், அதற்குள் இந்த வேலை நிலைக்கவில்லை என்றால் நான் பழைய மேனேஜர் காலில் போய் விழ வேண்டும்.

நிலைப்பது எங்கள் கையில் இல்லை. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி முதலில் பத்துப் படம் கேட்டிருந்தது, ஏழு ஆயுதம், மூன்று கவசம். பத்தும் பிடித்தால் அதையும் சேர்த்து மொத்தம் ஐம்பது படத்துக்கு ஆர்டர். பிடிக்காவிட்டால் கடையைச் சாத்துவதாக முதலாளி நாகராஜ் முதல் நாளே சொல்லிவிட்டார். கேட்டதைச் செய்து கொடுத்து, கேட்டது இதில்லை என்று திருப்பி வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

எடை எவ்வளவு?

ஆபீஸில் வரைகிறவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன், ஓவியம் படித்துவிட்டு வந்த சிவு இன்னொருவன். சிவு கன்னடக்காரன். மைசூர்ப் பையன்கள் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி என்னையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான், அதில் மரியாதை எதுவும் கிடையாது. எனக்கு வீட்டிலே தமிழ், ரோட்டிலே கன்னடம். ஆகையால் அவன் பேசியதையெல்லாம் இங்கே தமிழாக்கித்தான் தருகிறேன்.

முதல் வாளை நான் ஃபேக்டரிப் பழக்கத்தில் வரைந்தேன். நீளம், அகலம், கனம், கைப்பிடியிலிருந்து எத்தனை விரல் தள்ளிப் பிடித்தால் தராசு மாதிரி நிற்கும் என்பது வரை எழுதினேன். எடை ஒன்றேகால் கிலோ. சிவு வரைந்த வாள் கதவு அகலம் இருந்தது. முதுகுப் பக்கம் பற்கள், நடுவிலே ஓட்டை, ஓட்டைக்குள் நெருப்பு. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நெருப்பை விட்டுவிட்டு இரும்பு மட்டுமே முப்பத்தெட்டுக் கிலோ வந்தது. கீழே கடையில் சிமென்ட் மூட்டை இறக்குகிறவர் தூக்குவதைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல், இதை ஒரு ஆள் ஒரு கையால் எப்படிச் சுழற்றுவான் என்று கேட்டேன். சிவு பென்சிலைச் சீவிக்கொண்டே நிதானமாகச் சொன்னான்:

"குரு, தூக்கப் போறது நீ இல்லை. கம்ப்யூட்டர் தூக்கும்."

டீ குடிக்க முடியாத வீரன்

கவசத்துக்கு வந்தபோது நான் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். சிவு தன் வீரனுக்குத் தோளுக்கு ஒரு அண்டாவைக் கவிழ்த்த மாதிரி தகடு போட்டிருந்தான். அதைப் போட்டவன் கையைத் தூக்க முடியாது என்று நான் சொன்னேன், முடியும் என்று அவன் சாதித்தான். வாய்ச்சண்டை எதற்கு என்று கீழே போய் இரண்டு அட்டைப்பெட்டி வாங்கிவந்தேன். அவன் படத்தை அப்படியே பெரிதாக்கி, வெட்டி, சணல் கோத்து அவனுக்கே மாட்டிவிட்டேன். சரியாக அந்த நேரம் டீ வந்தது. சிவு டம்ளரைப் பிடித்தான், ஆனால் டம்ளர் வாய்க்கு வரவில்லை. தகடு காதில் இடித்தது. அவன் குனிந்து டம்ளரிடம் வாயைக் கொண்டுபோனான், அப்போது கழுத்துப்பட்டை தாடையில் இடித்தது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். பத்து வருஷ ஃபேக்டரி அனுபவம் வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நாகராஜ் உள்ளே வந்தார். நான் நடந்ததை விளக்கி, என் கவசத்தின் படத்தையும் எடுத்து நீட்டினேன். உடம்போடு ஒட்டி, மூட்டுக்கு மூட்டு மடங்குகிற மாதிரி வரைந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என் வீரன் ரெயின்கோட் போட்ட பால்காரன் மாதிரி இருக்கிறான் என்றார். பிறகு அட்டைப்பெட்டிக்குள் நெளிந்துகொண்டிருந்த சிவுவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டீ குடிக்க முடியலேன்னா என்ன தங்கவேலு, பார்த்தா பயமா இருக்கா இல்லையா? இதையே அனுப்பு."

வயிற்றைத் தவிர

மூன்றாவது கவசம் ஒரு பெண் வீரருக்கு. அதற்கு மாதிரி என்று வெளிநாட்டிலிருந்து ஒரு படமே வந்திருந்தது. தோளில் இரும்பு, முழங்கையில் இரும்பு, முழங்காலில் இரும்பு. நெஞ்சில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இரும்பு. நடுவில் வயிறு பூராவும் காற்றாட விட்டிருந்தார்கள். இதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் வீட்டுக்கு எடுத்துப் போய் மேஜைமேல் விரித்து வைத்திருந்தேன்.

செல்வி தோசைக்கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று படத்தைச் சுருட்டப் போனேன். திட்டவில்லை. நான் ஃபேக்டரியில் வரைந்த வால்வு படங்களைக்கூட அவள் இத்தனை கவனமாகப் பார்த்ததில்லை. கரண்டி நுனியால் அந்த வயிற்றைக் காட்டி, மேட்டூர்க்காரி அவள், ஊர்ப் பேச்சு மாறாமல் கேட்டாள்:

"ஏனுங்க, இங்க மட்டும் குத்தமாட்டேன்னு எதிராளி எழுதிக் குடுத்துட்டானுங்களா?"

பாலாற்றுச் சோதனை

செல்வியின் தங்கை கல்யாணத்துக்கு மேட்டூர் போனோம். கொள்ளேகால், மலை இறங்கினால் மாநில எல்லையில் பாலாறு. அந்த வருஷங்களில் அந்தக் காட்டுப்பாதையில் போனவர்களுக்குத் தெரியும், சந்தனக் கடத்தல்காரனைத் தேடி, செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி ஆளை இறக்கி மூட்டை முடிச்செல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள். என் பையில் பட்டுப்புடவைக்குக் கீழே சுருட்டிய தாள்கள். வேலையைக் கல்யாணத்துக்கும் கொண்டுபோகிற வியாதி எனக்கு உண்டு. போலீஸ்காரர் தாளை விரித்தார். முதல் தாளில் சிவுவின் கோடாலி. மூன்று பக்கமும் கொம்பு, கைப்பிடியில் ஒரு மண்டை ஓடு. அடுத்ததில் என் கோடாலி. இரும்பின் தரம், காம்பின் நீளம், கூர்மையின் கோணம் எல்லாம் அளவோடு.

பெரியவரைக் கூப்பிட்டார்கள். வயதான ஏட்டு ஒருவர் வந்தார். கம்ப்யூட்டரில் விளையாடுகிற பொம்மைக்கு இது என்று சொன்னேன். நான் சொல்வதை அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. சிவுவின் படத்தை எட்டத்தில் பிடித்து, ஓங்குகிற மாதிரி கையைத் தூக்கிப் பார்த்தார். இதை ஓங்கினால் பின்கொம்பு சொந்த முதுகில்தான் இறங்கும், வரைந்தவன் ஒரு நாளும் விறகு பிளந்ததில்லை என்றார். மைசூரில் ஆறு மாதமாக நான் கத்திக்கொண்டிருந்ததைக் காட்டில் ஒரு மனுஷன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார் என்று எனக்குக் கண் கலங்காத குறை. அப்புறம்தான் அவர் என் படத்தைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கொம்பு வெச்சதை நீ எடுத்துட்டுப் போ. அளவு போட்டிருக்கே, அது இங்கேயே இருக்கட்டும்."

இருவருக்கும் பூஜ்யம்

நவராத்திரி தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு முதல் பத்துப் படங்களும் திரும்பி வந்தன. வெளிநாட்டில் இந்த வேலையைப் பார்ப்பவர் பெயர் மார்ட்டின். மனுஷன் தன்மையானவர், அடித்தாலும் தடவிக்கொண்டே அடிப்பார். சிவு வரைந்ததைப் போல ஆயிரம் பார்த்தாகிவிட்டது, புதுசாக ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார். சிவு அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. விஜயதசமிக்குள் மறுபடி அனுப்ப வேண்டும், அதுதான் கடைசி வாய்ப்பு.

நானும் சிவுவும் முதல் தடவையாக ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அவன் அகலத்தைப் பாதியாகக் குறைத்தான், நான் எடையை இரண்டு மடங்காக விட்டுக்கொடுத்தேன். எல்லாப் படத்தையும் தாளின் நட்டநடுவில், கைப்பிடி முடிந்து அலகு தொடங்குகிற இடம் ஒரே புள்ளியில் வருகிற மாதிரி வரைய வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். கவசம் என்றால் அந்தப் புள்ளியில் நெஞ்சுக்குழி வர வேண்டும். ஃபேக்டரி ஒழுங்கு அது. இப்படியாக எங்கள் இருவருக்குமே பிடிக்காத பத்துப் படங்கள் தயாராயின. வீட்டில் செல்வி என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டாள், மேனேஜரைப் பார்க்கப் போவதற்காக. அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் மார்ட்டின் என் படங்களைப் பற்றி எழுதிய ஒற்றை வரிதான் ஞாபகம் வந்தது:

"நன்றாக இருக்கிறது, ஆனால் நிஜமாக இருக்கிறது."

ஆயுத பூஜை

மைசூரில் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தராசு, சைக்கிள், தையல் மிஷின், எதையும் விடமாட்டார்கள். ஆயுதமே தொழிலாக இருக்கிற நாங்கள் எப்படி விடுவது? எல்லாவற்றையும் துடைத்தோம். கம்ப்யூட்டர்களுக்கு மாலை போட்டோம். வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்தோம். சந்தனம் குங்குமம் வைக்கிற வேலையை நாகராஜ் என்னிடம் விட்டார். ஃபேக்டரியில் பொட்டு வைப்பதற்கு ஒரு முறை உண்டு: மிஷினுக்கு மேலே எங்கேயோ ஒப்புக்கு வைக்கக் கூடாது, அது வேலை செய்கிற இடத்தில் வைக்க வேண்டும். லேத்துக்கு வெட்டுகிற முனையில். அந்த முறைப்படி ஸ்கேனரின் மூடியைத் திறந்து, கண்ணாடிக்கு நட்டநடுவில், சந்தனத்தில் குழைத்த குங்குமத்தை அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். மூடினேன். கற்பூரம் காட்டினோம்.

மறுநாள் விஜயதசமி. அனுப்ப வேண்டிய நாள். டெலிஃபோன் லைன் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுந்துபோனது. சிவு ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்யச் செய்ய, நாகராஜ் சரிபார்க்கக்கூட நிற்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தார். பத்தும் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் திரையில் திறந்து பார்த்தேன். பத்துப் படத்திலும் ஒரே இடத்தில், அலகின் கழுத்திலும் நெஞ்சுக்குழியிலும், காய்ந்து ஓரம் மஞ்சளாக விரிந்த ஒரு சிவப்புப் பொட்டு. ஆணியில் தொங்குகிற வெள்ளைச் சட்டை கண்முன்னால் வந்தது. கண்ணாடியைப் பார்க்கவே இல்லையா என்று சிவுவைப் பிடித்து உலுக்கினேன். பார்த்தானாம்.

"சாமிக்கு வெச்சதை நான் எப்படி குரு துடைப்பேன்? வெச்சவன் நீ, நீதானே துடைக்கணும்."

அர்த்தம் கேட்டு வந்த கடிதம்

மூன்று நாள் மார்ட்டினிடமிருந்து பதில் வரவில்லை. நாலாம் நாள் காலையில் செல்வி அந்தச் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். போட்டுக்கொண்டு, ஆபீஸில் சொல்லிவிட்டு ஃபேக்டரிக்குப் போகலாம் என்று மண்டி மொஹல்லா வந்தேன். மாடிப்படி ஏறும்போதே நாகராஜ் காகிதத்தோடு எதிரே வந்தார். பத்தும் பிடித்துவிட்டது. வாள் எப்படி இருக்கிறது, எடை என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சிவப்புக் குறியைப் பற்றி மட்டும் முழுப் பக்கம். இப்போதுதான் இவை யாரும் பார்க்காத ஒரு மாய உலகத்து ஆயுதங்களாகத் தெரிகின்றன, ஐம்பதிலும் இதே குறி இருக்க வேண்டும், இந்த மந்திரச் சின்னத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தார் மார்ட்டின்.

பதில் எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேலை கெட்டாலும் கெடட்டும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் எந்தக் கருவியையும் தொட மாட்டார்கள், அதற்கு ஓய்வு கொடுத்து, பூ வைத்து, இந்தப் பொட்டை வைத்துக் கும்பிடுவார்கள், வாளுக்கு மட்டும் இல்லை, ஸ்பானருக்கும் ஸ்கூட்டருக்கும் மாவரைக்கிற கிரைண்டருக்கும் கூட என்று எழுதினேன். சாயங்காலமே பதில் வந்தது:

"என்ன அபாரமான கற்பனை! விளையாட்டின் கதையிலேயே சேர்த்துக்கொள்கிறோம். கிரைண்டரை மட்டும் எடுத்துவிடுங்கள், அதை யாரும் நம்பமாட்டார்கள்."

அதற்கப்புறம் மீதி நாற்பதையும் வரைந்து முடித்தேன்: நீளம், அகலம், எடை எல்லாம் வாய்க்கு வந்தபடி, பொட்டு மட்டும் அளவு பிசகாமல் ஐந்து மில்லிமீட்டர்.