கூடைகளைக் கவிழ்த்தவள்

அந்தப் பெண் ஐந்து கூடைகளைக் கவிழ்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுப்பதற்குச் சற்று முன்பு. அப்போது என் அண்ணன் இலங்கை மலைநாட்டில் அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுப்பவராக இருந்தார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் அவர் டாக்டரய்யா. நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் நிருபர். காய்ச்சலில் படுத்தெழுந்து, உடம்பு தேற அவரிடம் வந்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி மூச்சிரைக்க மருந்தறைக்கு வந்தார்.

"பைத்தியம் முத்திருச்சுங்க. அஞ்சு பேரு கொழுந்தும் சேத்துல கெடக்கு. சனிக்கிழம பெரிய டாக்டர் வாறாரு. எழுதிக் குடுத்து கொழும்புக்கு அனுப்பிருங்க."

கொழும்பு என்றால் அங்குள்ள பைத்திய ஆஸ்பத்திரி. அந்தத் தோட்டத்திலிருந்து முன்பு போன இருவரும் திரும்பவில்லை. அவளுக்கு லயத்தில் இரண்டு பிள்ளைகள்.

ஆறு வாரங்களுக்கு முன் அவள் மழையில் வழுக்கி விழுந்து, தண்ணீர் ஓடும் கானின் கல்லில் தலையின் வலப்பக்கம் அடிபட்டிருந்தது. காயம் ஆறி, பேச்சும் நடையும் சரியாக இருந்ததால் வேலைக்கு அனுப்பியவர் அண்ணன்தான்.

நான் மலைக்குப் போய் ஒவ்வொருத்தியாக விசாரித்தேன். நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது பெண்கள் விடுகதை போடுவது வழக்கம். அதில் இவளை மிஞ்ச ஆளில்லை. அன்று பக்கத்து நிரைக்காரி புதிதாக ஒன்று கட்டியிருக்கிறாள்: "நெத்தியில கயிறு, முதுகுல புள்ள. பசிச்சா லேசு, வயிறு நெறஞ்சா பாரம். புள்ள எங்கடி?" கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடும் கொழுந்துக் கூடைதான் விடை. இவளோ முகம் வெளுத்து, ஒவ்வொரு கூடையாகப் பிடுங்கிக் கொட்டிப் பிள்ளையைத் தேடியிருக்கிறாள்.

அன்று மாலை அண்ணன் அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். நான் எழுதிக்கொண்டேன். கிழமை சரி. கணக்குச் சரி. பிள்ளைகளின் வயது சரி. "வயிறெரியுதுன்னா என்னம்மா?" என்றதும், "பொறாமைங்க" என்றாள் உடனே. விழுவதற்கு முன் அவளே கட்டிய விடுகதைகளைக் கேட்டோம். நாங்கள் முடிக்கும் முன்பே விடை வந்தது.

பிறகு அண்ணன் ஜன்னலைக் காட்டி, "மலை இன்னிக்கு முக்காடு போட்டிருச்சு பாரு" என்றார். வெளியே மலை உச்சியில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "துணி ஒண்ணும் காணமேங்க."

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இன்னும் பத்துப் புதிய வாக்கியங்கள் சொன்னோம். பத்திலும் அதே கதை. ஊரில் புழங்கித் தேய்ந்த பேச்சு அவளுக்குச் சாதாரணச் சொல்லாகப் புரிந்தது. அந்த நிமிடத்தில் புதிதாகப் பிறந்த உவமைதான் புரியவில்லை. அப்படியானால் நாம் எல்லாரும் புதிய உவமையைக் கேட்கும்போது தலைக்குள் இன்னொரு வேலையும் செய்கிறோம். சொல்லைக் கேட்டபின், சொன்னவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று பாய்ந்து பிடிக்கிறோம். கண் இமைக்கும் நேரத்தில் முடிவதால் அது வேலை என்றே தெரிவதில்லை. தலையில் அடிபட்டபின் இவளிடம் அந்த ஒரு வேலை மட்டும் நின்றிருந்தது! பென்சில் முனை முறிந்தது, வேறொன்று எடுத்தேன். அண்ணன் எழுந்து அறைக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். எங்களிடம் மூளையைப் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லை. ஒரு செய்தி முதன்முதலாக என் கைக்கே கிடைத்ததைப்போல் பரபரவென்று எழுதித் தள்ளினேன்.

வாசலில் நின்ற அவள் புருசன் கேட்டான்: "நீங்க ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கீங்க. சனிக்கிழம இவளக் கொண்டு போயிருவாங்களா, அய்யா?"

அண்ணன் நடப்பதை நிறுத்தினார். அன்றே பெரிய டாக்டருக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தோம். நான்கு முறை கிழித்து எழுதினோம்.

சனிக்கிழமை பெரிய டாக்டர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். "கூடையெல்லாம் ஏன் கவுத்தீங்க?" என்று அவளைக் கேட்டார்.

"கொழுந்துக்கு அடியில புள்ளன்னா மூச்சு முட்டிருமேங்க. கூடைய எறக்கச் சொன்னா எவளும் எறக்கல, சிரிச்சாளுக."

டாக்டர் கங்காணி பக்கம் திரும்பினார். "கூடைக்குள்ள நிஜமாவே புள்ள இருந்திருந்தா, நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்தார். "நானும் கவுத்துத்தாங்க இருப்பேன்."

"அப்ப உங்களயும் கொழும்புக்கு அனுப்பணுமா?"

புருசன் சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். டாக்டர் பேனாவை எடுத்து, புத்தி தெளிவாக உள்ளது, வேலை செய்யலாம் என்று எழுதினார். அதன் கீழே ஒரு கட்டளை: இவளிடம் எதையும் நேராகச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை அந்தக் கட்டளை எப்படி நடக்கிறது என்று பார்க்க நானும் அண்ணனும் சாப்பிடாமலேயே மலைக்கு ஓடினோம். அவள் தன் நிரையில் நின்றாள். கங்காணி அவளுடைய கொழுந்தை அள்ளிப் பார்த்தார். "ஏய், இது என்ன, மாட்டுக்குப் புல்லா..." என்று தொடங்கியவர் எங்களைக் கண்டு நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"காம்பு நீளமா இருக்கு. கட்டையா எடு."

"சரிங்க கங்காணி" என்று அவள் கையை மாற்றிப் பிடித்தாள். அடுத்த பிடி சரியாக இருந்தது.

கங்காணி எங்களிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "இருபது வருசமா கத்துன வாய்ங்க. நேராத் திட்டுறதுக்கு எனக்கு ஒரு வார்த்த வரமாட்டேங்குது, டாக்டரய்யா."

"பழகிக்குங்க" என்றார் அண்ணன். அதற்குள் பெண்கள் நிரையோடு நாலு செடி மேலே ஏறியிருந்தார்கள்.