வெள்ளைக் கரையில் இரண்டு கை

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு வீடுகளில் மூன்றாவது மாடி ஏறினால், எந்த வீட்டுச் சுவரில் ஐந்து ஆணியும் ஐந்து பையும் தொங்குகிறதோ அதுதான் கங்கம்மா வீடு. ஒரு பைக்கு ஒரு வேலை. மஞ்சள் பையில் அடையாறு டாக்டரம்மாவுக்கு உல்லன் சால்வை. ஜவுளிக்கடைப் பையில் பச்சைக் குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும். அடுத்ததில் சோபா உறை, அதற்கடுத்ததில் வெட்டுத்துணிகளை ஒட்டித் தைக்கிற தலையணை உறைகள். ஐந்தாவதுதான் பெரிய பை. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஐந்தையும் ஒரே சமயத்தில் செய்வாள். காலையில் சால்வையில் இரண்டு வரிசை. உலை கொதிக்கிற வரைக்கும் குல்லா. மத்தியானம் வெளிச்சம் நன்றாக விழும்போது துணி ஒட்டு. எதை எங்கே நிறுத்தினோம் என்று ஒரு சீட்டில்கூடக் குறித்து வைத்ததில்லை; குறிக்க எழுத்தும் தெரியாது. இரண்டாம் வகுப்போடு சரி. கணக்கு மட்டும் மீன் கூடை சொல்லிக்கொடுத்தது. நாலு மீன் ஒரு கூறு என்று இருபத்திரண்டு வருஷம் மயிலாப்பூர் தெருக்களில் எண்ணியவள், இப்போது பின்னலில் நாலு கண்ணி ஒரு கூறு என்று எண்ணுவாள். அறுபது கூறு போட்டால் ஒரு வரிசை. நடுவில் யார் பேசினாலும் கணக்கு தப்பாது. படித்தவர்களுக்கு வராத கணக்கு இது.

அவளுக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. இதை அவள் வாயாலேயே ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்லிவிடுவாள். முழங்கால் போய், கூடை தூக்க முடியாமல் ஆன வருஷம், அடையாறில் ஒரு வீட்டுக் குப்பைத்தொட்டி மேல் கிழிந்த மேஜை விரிப்பு ஒன்று கிடந்தது. கொக்கி ஊசியால் பின்னியது. கேட்டு வாங்கி வந்தாள். பதினைந்து நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். எந்தக் கண்ணிக்குள் எது போயிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து, அதே நூலை வைத்து மறுபடி போட்டாள். ஊசி வாங்கவில்லை. சைக்கிள் கம்பியை வளைத்து, படிக்கட்டுச் சிமெண்டில் தேய்த்துக்கொண்டாள். இன்றைக்கு மயிலாப்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து மூன்று மாடி ஏறுகிறார்கள் என்றால் சும்மா இல்லை.

தெற்கு மாடவீதி நீரஜா மாமி அப்படித்தான் ஏறி வந்தாள். மகள் அனன்யா அமெரிக்கா போகிறாள். அவள் சின்ன வயதில் போட்ட பாவாடை, கவுன் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டி, உள்ளே பழைய வேட்டி வைத்து, ஒரு பெரிய போர்வை வேண்டும். நாலு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை நூலில் பின்னிய கரை.

“நிறைய பேர் போடறா கங்கம்மா. ஆனா நாலு பேர்கிட்ட பிரிச்சுக் கொடுத்துடறா. ஒரு பக்கம் ஒரு மாதிரி இருக்கு.”

“தோ பாரு மாமி, கங்கம்மா வேலையில வேற கை படாது. பட்டுச்சின்னா என் பேர மாத்திக் கூப்டு.”

இந்தப் பேச்சை நம்பித்தான் மாமி பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். கங்கம்மாவுக்கும் சொத்து என்று இருந்தது இந்தப் பேச்சுதான்.

துணி ஒட்டு முடிந்தது. கரையில் மூன்று பக்கம் முடிந்து நாலாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக டியூப்லைட் சரியில்லை என்று கங்கம்மா சொல்லிவந்தாள். மகன் பிரபாகர் இரண்டு தடவை மாற்றிவிட்டு, கண் டாக்டரைப் பார்க்கலாம் என்றான். “எனுக்கா? ஊசில நூல் கோத்துக் காட்டட்டா?” என்று சீறினாள். அவன் விசைப்படகில், நாள்கணக்கில் கடலிலேயே தங்குகிற தங்கல் மீன்பிடிக்குப் போகிறவன். கரையில் இருக்கிற நாள் குறைவு. வீட்டில் மாமியாரும் மருமகளும்தான்.

மருமகள் அஸ்வினி அதிகம் பேசமாட்டாள். பின்னல் அவளுக்கும் தெரியும், செல்போனில் பார்த்துக் கற்றது. அதனாலேயே கங்கம்மாவுக்கு அது வேலையாகத் தெரியவில்லை. “போன்ல பாத்து மீன் கொயம்பு வச்சா மணக்குமா?” என்பாள். பைகளைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெள்ளை நூல் தீர்ந்துபோய் தி.நகர் புறப்பட்டாள். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. வெயிலில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்க முடியாமல் திரும்பிவிட்டாள். எதிர் வீட்டுச் சந்திரிகா மூச்சு வாங்கிய கங்கம்மாவைக் கைபிடித்து மாடி ஏற்றிவந்தாள். கதவு திறந்திருந்தது. ஜன்னலடியில் அஸ்வினி உட்கார்ந்திருந்தாள். மடியில் நீரஜா மாமியின் போர்வை. கையில் கொக்கி ஊசி.

“இன்னாடி பண்ற?”

அஸ்வினி எழுந்து நின்றாள். “அத்த, சும்மா… கொஞ்சம்…”

“கொஞ்சமா? எத்தினி நாளா நடக்குது இது?”

கங்கம்மா போர்வையைப் பிடுங்கித் தரையில் விரித்தாள். சந்திரிகாவைப் பார்த்து, “நீ இரு, சாட்சிக்கு இரு” என்றாள்.

“அட வுடுக்கா, கூடமாட ஒத்தாசை பண்ணுது பொண்ணு,” என்றாள் சந்திரிகா. “என் மருமவ துரும்பக் கிள்ளிப் போடல. நீ இன்னாடான்னா…”

“ஒத்தாசையா? என் பேருல மண்ணள்ளிப் போடறா. இப்ப பாரு. எது என் கை, எது இவ கைன்னு கண்ண மூடிக்கினு சொல்றேன்.”

நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டாள். கரை மேல் விரலை ஓட்டினாள். கண்ணிகள் அரிசி அடுக்கினாற்போல இறுக்கமாக, ஒரே சீராக ஓடிய இடம் வந்தது. “இது நானு.” கொஞ்ச தூரம் தள்ளி விரல் தடுக்கியது. தொளதொளவென்று, இடையில் கண்ணி விட்டுப்போய், வரிசை கோணிக்கொண்டு போன இடம். “தோ. இதான் இவ. கைய வெச்சாலே தெரியுது பாரு, கய்தை.”

“அத்த, அது நான் இல்ல…” அஸ்வினி ஆரம்பித்தாள்.

“அப்ப யாரு, பேயா வந்து போட்டுச்சி?”

அஸ்வினி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சந்திரிகாவைப் பார்த்தாள். கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

கங்கம்மா நூலின் முனையைப் பிடித்து இழுத்தாள். நாலாவது பக்கத்தில் முக்கால் பாகம் சரசரவென்று அவிழ்ந்து காலடியில் விழுந்தது. தொளதொள இடத்துக்குப் போக, நடுவில் இருந்த நல்ல இடமும் அவிழத்தான் செய்தது. “என் கை போனாலும் பரவால்ல. இவுளுது இருக்கக்கூடாது.” சந்திரிகா, “எப்பா, இன்னா வைராக்கியம்” என்று சொல்லிக்கொண்டே போனாள். சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் செய்தி போய்விட்டது.

“இனிமே தொடமாட்டேன் அத்த,” என்றாள் அஸ்வினி. அவ்வளவுதான். சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், டீ போட்டு மாமியார் பக்கத்தில் வைத்தாள். பை இருந்த பக்கம் திரும்பவில்லை. தீர்ந்துபோன நூலை மட்டும் மறுநாள் போய் வாங்கிவந்து தூரத்திலேயே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மற்ற நாலு பையையும் கங்கம்மா தொடவில்லை. ஜன்னலடியில் உட்கார்ந்து கூறு கூறாக எண்ணிப் போட்டாள். புதன் சாயங்காலம் ஒரு வரிசை முழுதாக வந்தபோது, வழக்கப்படி விரலை மேலே ஓட்டினாள். விரல் தடுக்கியது. கொஞ்சம் தள்ளி மறுபடி தடுக்கியது. தொளதொளவென்று இருந்தது. வரிசை கோணியிருந்தது.

நூல் சரியில்லை என்று நினைத்தாள். அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டாள், இந்தத் தடவை இழுத்து இழுத்து. வியாழன் காலையில் தடவிப் பார்த்தாள். அதேதான். மூன்றாவது பக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். அங்கே அரிசி அடுக்கினாற்போல இருந்தது. இரண்டாவது பக்கத்திலும் அப்படியே. ஜவுளிக்கடைப் பையை இறக்கிக் குல்லாவை எடுத்துத் தடவினாள். சால்வையைத் தடவினாள். எல்லாவற்றிலும் முதலில் நல்லது வந்தது, கடைசியில் தொளதொளப்பு வந்தது. முந்தின வாரம் கடைசியாக எங்கே நிறுத்தினாள் என்பது தலைக்குள் இருந்தது. அவள் கையால் நிறுத்திய இடத்தில்தான் இருந்தது தொளதொளப்பு. பழைய வரிசைகளில் அது இல்லை. அவள் தூங்கின நேரம், தி.நகர் போன நேரம், அவள் போட்டதை யாரோ அவிழ்த்துச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

எத்தனை நாளாக என்று கேட்டிருக்கலாம். கேட்கிற ஆள் ஆறடி தூரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அஸ்வினி.”

“இன்னா அத்த?”

கங்கம்மா வாயைத் திறந்தாள். எதிர் வீட்டில் சந்திரிகாவின் குரல் கேட்டது. “ஒண்ணுமில்ல. டீ ஆறிப்பூட்டுது. வேற போடு.”

வேறு டீ வந்தது. நாலாவது பக்கத்தை அப்படியே முடித்தாள்.

வெள்ளிக்கிழமை பையைத் தூக்க முடியவில்லை. அஸ்வினிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். மாடவீதி வீட்டில் நீரஜா மாமி கூடத்துக் கட்டிலில் போர்வையை விரித்தாள். “அடேயப்பா! அனன்யா, வந்து பாருடி, உன் நவராத்திரிப் பாவாடை!” ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டே வந்தவள் கரைக்கு வந்தாள். மூன்று பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது பக்கத்தில் கை நின்றது.

“கங்கம்மா, இதென்ன? இந்தப் பக்கம் மட்டும் தொளதொளன்னு இருக்கே? நடுவுல ஓட்டையா வேற தெரியறது. யாரோ வேற கை போட்டா மாதிரின்னா இருக்கு?”

அஸ்வினி வாசற்படியில் நின்றிருந்தாள்.

“அது… இவ போட்டது மாமி,” என்றாள் கங்கம்மா. “மருமவ. எனுக்கு ரெண்டு நாள் காச்சல். சொல்லச் சொல்லக் கேக்காம எடுத்துப் போட்டுட்டா.”

மாமி திரும்பி அஸ்வினியைப் பார்த்தாள். “நீயா போட்டே?”

கங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் மிக்ஸி ஓடி நின்றது.

“ஆமா மாமி,” என்றாள் அஸ்வினி. “நான்தான் போட்டேன். மத்த மூணு பக்கமும் அத்த போட்டது.”

“அதானே பார்த்தேன்! உன் கைன்னா உன் கைதான், கங்கம்மா. போறது போ, நாளைக்குக் கிளம்பறா, இனிமே பிரிக்கவும் முடியாது.” மாமி உள்ளே போய் ஒரு பெரிய பையோடு வந்தாள். “என் நாத்தனார் பேரனுக்கு இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். சட்டை எல்லாம் இதுல இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், நீயேதான் போடணும். இவ கை படவே கூடாது.”

“படாது மாமி,” என்றாள் கங்கம்மா.

வெளியே வந்ததும் அஸ்வினிதான் பையைத் தூக்கினாள். குளக்கரை வரைக்கும் இருவரும் மெதுவாக நடந்தார்கள். கச்சேரி ரோடு திருப்பத்தில், ஆட்டோக்கள் நின்ற இடத்தில், அஸ்வினி நின்றாள். பையைக் கங்கம்மாவின் கையில் வைத்தாள். கனம் தாங்காமல் பை கீழே இறங்கியது.

“தூக்கிக்கினு வாம்மா, கால் வலிக்குது,” என்றாள் கங்கம்மா.

“என் கை படக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க இல்ல அத்த? நீயே போடு.”

“இன்னாடி, பைய தூக்கறதுக்குக் கூடவா?”

அஸ்வினி சாந்தோம் பக்கம் திரும்பி நடந்தாள். எப்போதும் மாமியாரின் முழங்காலுக்காக மெதுவாக நடக்கிறவள், இன்றைக்குத் தன் வேகத்தில் நடந்தாள். கங்கம்மா இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பழக்கடைத் தள்ளுவண்டி வரைக்கும் அந்தப் புடவை தெரிந்தது. அதற்கு மேல் எது அஸ்வினி, எது வேறு ஆள் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.